நான்கு முளைகள்

ஸ்ட்ரூவன் கேட்டது ஆறுக்கு நாலு மீட்டர்.
நான் சொன்னது மூணுக்கு மூணு.
சமையலறைக் கதவுக்கு வெளியே
தோட்டக் குழாயை நீட்டி வளைத்து
புல்லின் மேல் அவன் வரைந்த மரத்தளத்தில்
எங்கள் காரை நிறுத்தலாம்,
பக்கத்து வீட்டுப் படகுக்கும் இடம் மிஞ்சும்.

"கிறிஸ்துமஸுக்குப் பதினொரு பேர், நைரி."
பெர்த்திலிருந்து மூத்தவன் வீடு, ஐந்து.
வெலிங்டனிலிருந்து சின்னவள் வீடு, நாலு.
நாம் இரண்டு.
தன் விரல்கள் தீர்ந்து
என் சுண்டுவிரலையும் மடக்கிக்கொண்டான்.

அவர்கள் கடைசியாக வந்து மூன்று கிறிஸ்துமஸ் ஆயிற்று.
அன்று மழை.
பதினொரு பேரும் உள்ளேதான் இருந்தோம்,
முழங்கையோடு முழங்கை இடித்து.
இதை நான் சொல்லவில்லை.
டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன்.

பிறகு நாற்காலிகளை வெளியே இழுத்தோம்.
மேசை போட்டால் போதாது,
சாப்பிட்டு எழுகிறவன் பின்னால் தள்ள
இரண்டு முழமாவது வேண்டும்.
என் மூணுக்கு மூணில் அவன் எழுந்தான்.
நாற்காலியின் பின்கால் குழாயைத் தாண்டி
செம்பருத்தி நிற முள்ளங்கிப் பாத்தியில் இறங்கியது.
அவன் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு எரிச்சல்.

ஒமாருவில் வெயில் வடக்கிலிருந்து வரும்.
தெற்கிலிருந்து வருவதைத் தென்றல் என்று சொல்லிவிடாதீர்கள்.
பனிக்கட்டியில் படுத்து எழுந்து
நேரே எங்கள் குளியலறைச் சன்னலுக்கு வருவது அது.
நாலரை மணிக்குக் கார்ஷெட்டின் நிழல்
அவன் ஆறு மீட்டரில் பாதியைத் தின்றது.
தேநீர்க் கோப்பையோடு வெயிலின் பின்னால்
நாற்காலியை நகர்த்தி நகர்த்தி
ஐந்தரைக்குப் பார்த்தால்
இரண்டு பேரும் துணிக்கொடியின் கீழ்.
அளந்த இடம் அங்கே, காலியாக.

கடைசியில் நாலரைக்கு மூன்றரை என்று ஒப்பி
நான்கு முளை அடித்து மஞ்சள் நூல் கட்டினோம்.
முளை என்று பெயர்தான்.
ஒன்பது வாரம் ஒன்றும் முளைக்கவில்லை,
தச்சருக்கு வேறு வேலைகள்.

நகர்ந்தன மட்டும்.
ஒரு காலை, கிழக்கு முளை ஒரு சாண் வெளியே.
அன்று இரவு அதை ஒரு சாண் உள்ளே தட்டினேன்,
செருப்பின் அடியால், சத்தமில்லாமல்.
இன்னொரு நாள் மேற்கு முளை.
மீண்டும் நான், மீண்டும் செருப்பு.
காலை உணவின்போது
வெண்ணெயை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டோம்.

கடலிலிருந்து திரும்பிய நீலப் பென்குயின் ஒன்று
நூலில் மார்பு முட்டி நின்றது.
யோசித்தது.
நான்கு பக்கமும் சுற்றிக்கொண்டு
வீட்டின் அடியில் போனது.
அந்த அளவை மதித்த ஒரே ஆள்.

ஆறாவது வாரம், வெலிங்டனிலிருந்து தொலைபேசி.
இந்த வருஷமும் முடியாதாம்.
ஸ்ட்ரூவன் "பரவாயில்லை" என்றான்,
"அதனால் என்ன" என்றும்.
அன்றிரவு செருப்போடு வெளியே போனேன்.
கிழக்கு முளை
நான் வைத்த இடத்துக்கும் உள்ளே இருந்தது.
பழைய குழி திறந்து கிடந்தது, ஈரமாக.

கொஞ்ச நேரம் நின்றேன்.
பிடுங்கினேன்.
இரண்டு சாண் வெளியே வைத்துத் தட்டினேன்.
சத்தம் கேட்டிருக்கும்.
மாடி விளக்கு எரியவில்லை.

லிசியாட்டே வந்தான்,
காதில் பென்சில், கையில் பாதி தின்ற ரொட்டி.
மூலைக்கு மூலை டேப்பை ஓட்டினான்.
ஒரு குறுக்கு ஐந்து தொண்ணூற்றேழு.
மறு குறுக்கு ஐந்து ஐம்பத்தாறு.
மறுபடி அளந்தான்.
"இதை யார் அளந்தது?"

நாங்கள் துணிக்கொடியைப் பார்த்தோம்.
அதில் ஒரு காலுறை தொங்கியது.

"நேராக்கிடலாம்" என்றான்,
நேராக்க எந்த முளையை நகர்த்தலாம் என்று
எங்கள் முகத்தைப் பார்த்தான்.
இரண்டு பேரும் ஒரே நேரத்தில்
அடுத்தவர் முளையைக் காட்டினோம்,
"அது அங்கேயே இருக்கட்டும்."

அவன் ரொட்டியை மென்று முடித்தான்.
கதவைப் பார்த்தான், நூலைப் பார்த்தான்,
புல்லைப் பார்த்தான்.
"சரி, படி எந்தப் பக்கம்?"

படி.
ஒன்பது வாரத்தில் ஒருவரும்
இறங்குவதைப் பற்றி நினைக்கவே இல்லை.